சாந்தோம் கோட்டையில் என்ன சாப்பிட்டார்கள்? – என் பழைய குறிப்புக்கு நானே எழுதும் மறுப்பு

மூன்று வருஷத்துக்கு முன்னாடி இங்கே சாந்தோமைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். தலைப்பே கொஞ்சம் தடபுடலாக இருக்கும்: 'மயிலாப்பூர் கடற்கரையில் ஓர் எல்லைக் கோட்டை'. 1672-லிருந்து 1674 வரை ஒரு சிறு பிரெஞ்சுப் படை அந்தக் கோட்டைக்குள் இருந்துகொண்டு, நிலப்பக்கம் கோல்கொண்டா சேனையையும் கடல்பக்கம் டச்சுக் கப்பல்களையும் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தது. கோட்டையின் பலம்தான் அதற்குக் காரணம். கடைசியில் மதில் தளர்ந்ததால் விழுந்தது. இதுதான் அந்தக் குறிப்பின் சாரம். நிறையப் பேர் படித்தீர்கள். சிலர் பாராட்டினீர்கள். என் மகள் அதிலிருந்து ஒரு பத்தியை அப்படியே எடுத்துப் பள்ளி புராஜெக்டில் ஒட்டி, பத்துக்குப் பத்து வாங்கிவிட்டாள்.

அந்தக் குறிப்பு தப்பு. தேதிகள் சரி, பெயர்கள் சரி. முடிவுதான் தப்பு.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நண்பர்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு சாந்தோம் பேராலயத்துக்குப் பின்னால் கடற்கரைப் பக்கம் நின்று கதை அளந்துகொண்டிருந்தேன். மதில் இங்கே, கொத்தளம் அங்கே, பீரங்கி இந்தப் பக்கம் பார்த்து என்று கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சொவுரு, பீரங்கி எல்லாம் சர்தான் தம்பி. உள்ள இருந்தவன் இன்னா துன்னான்?" என்றார்.

நான், "கிணறு கிணறா இருந்திருக்கும் ஆயா" என்று ஏதோ உளறினேன்.

"தண்ணி கெடைக்கும். இங்க மணல்ல கொஞ்சம் தோண்டுனா நல்ல தண்ணி வரும், எங்கம்மா காலத்துல அதான குடிச்சோம். நான் கேக்கறது அரிசி."

என்னிடம் பதில் இல்லை. கூட வந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களை மறுபடி எடுத்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். படித்தது பி.இ., பிழைப்பு மென்பொருள், வரலாறு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதனால் மெதுவாகத்தான் நடந்தது. இப்போது என் பழைய குறிப்பை மட்டுமல்ல, அது நம்பியிருந்த புத்தகங்களையும் கொஞ்சம் விமர்சிக்க வேண்டியிருக்கிறது.

நான் நம்பியிருந்த புத்தகங்கள்

முதலாவது, கர்னல் மாலிசன். 1883-ல் அவர் வெளியிட்ட 'இந்தியாவின் தீர்மானகரமான போர்கள்' நூலில் முதல் போரே சாந்தோம் போர்தான். அது 1746-ல் அடையாற்றங்கரையில் நடந்தது. இன்னொன்று ஹென்றி டேவிசன் லவ் எழுதி 1913-ல் மூன்று தொகுதிகளாக வந்த 'பழைய மெட்ராஸின் எச்சங்கள்'. சென்னையைப் பற்றி எழுதுகிற யாரும் லவ்வைத் தாண்டிப் போக முடியாது, நானும் போகவில்லை. இவை தவிர முற்றுகைக் காலத்தில் இங்கேயே இருந்தவர்கள் எழுதிய இரண்டு: பிரான்சுவா மார்த்தேனின் நினைவுக் குறிப்புகள், அபே கரே என்ற பாதிரியாரின் பயணக் குறிப்புகள்.

மாலிசன் போர்க்களத்தைப் பார்க்கிறார். யார் எந்தப் பக்கம் நின்றார்கள், எப்போது சுட்டார்கள், யார் ஓடினார்கள் என்பது அவருக்கு முக்கியம். லவ் பார்ப்பது செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஜன்னல் வழியாக. கம்பெனியின் கடிதங்களும் ஆலோசனைக் குறிப்புகளும்தான் அவர் ஆதாரம் என்பதால், சாந்தோம் அவரிடம் எப்போதும் பக்கத்து வீட்டுத் தொல்லையாகத்தான் வருகிறது. தமிழில் எழுதுகிற நாம் என்ன செய்கிறோம்? அப்போஸ்தலர் தோமா, கல்லறை, பேராலயம் என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு, நடுவில் 'பின்னர் பிரெஞ்சுக்காரர்கள் சிறிது காலம் பிடித்திருந்தனர்' என்று ஒரு வரி போட்டுத் தாண்டிவிடுகிறோம். அந்த ஒரு வரியை நான் பதினைந்து பக்கமாக ஊதினேன். ஆனால் யாருமே, என்னையும் சேர்த்துத்தான், ஆயா கேட்டதைக் கேட்கவில்லை. தரவு இல்லாததால் அல்ல. மார்த்தேனிலும் கரேயிலும் சாப்பாட்டுப் பேச்சு நிறைய இருக்கிறது. நான்தான் அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போய்ச் சண்டை வரும் இடத்தில் நின்றேன்.

எந்த எல்லைக்குக் கோட்டை?

'எல்லைக் கோட்டை' என்று எழுதினேனே, யாருடைய எல்லை?

1520-களில் போர்ச்சுக்கீசியர் இங்கே குடியேறியபோது இது கோட்டையே இல்லை. கோவாவின் நேரடிப் பிடிக்குள் அதிகம் வராத வியாபாரிகளின் ஊர். இந்தக் காலத்து சாந்தோமைப் பற்றி சஞ்சய் சுப்ரமணியம் எழுதியதைப் படித்தால், கல்லறையைவிடக் கப்பல் சரக்குதான் ஊரை நடத்தியது என்பது விளங்கும். 1558 வாக்கில் விஜயநகரத்து ராமராயர் படையோடு வந்து நின்றபோது ஊரால் எதிர்க்க முடியவில்லை; பணம் கட்டித்தான் தப்பித்தது.

மதில் தேவைப்பட்டது டச்சுக்காரர்கள் வந்த பிறகு. 1612-ல் சாந்தோம் போர்ச்சுக்கீசியர் பழவேற்காட்டுக்குப் போய் டச்சுப் பண்டகசாலையை அழித்தார்கள். அடுத்த வருஷமே, 1613-ல், டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். 1635-ல் பொக்காரோ தொகுத்த போர்ச்சுக்கீசியக் கோட்டைகளின் நூலில் சாந்தோமும் ஒரு கோட்டையாக இடம்பெறுகிறது. ஆக, இந்த மதில் பழவேற்காட்டுக்குப் பதில் சொல்ல வந்த மதில். அது கடலோரப் போட்டியின் எல்லை, நாட்டின் எல்லை அல்ல. உள்நாட்டுப் பக்கம் சாந்தோமுக்குச் சொந்தமாக எதுவும் கிடையாது. 1646 வாக்கில் மீர் ஜும்லா இந்தக் கரையைக் கோல்கொண்டாவுக்காகப் பிடித்தபோது, மதிலுக்கு வெளியே இருந்த எல்லாமே கோல்கொண்டா ஆகிவிட்டது. 1662-ல் மதிலுக்கு உள்ளே இருந்ததும் ஆனது. போர்ச்சுக்கீசியரில் பலர் மூட்டை கட்டிக்கொண்டு மெட்ராஸுக்குப் போனார்கள்.

என் பழைய குறிப்பின் முதல் பிழை இங்கேதான். 'எல்லைக் கோட்டை' என்று சொன்னால் பின்னால் ஒரு நாடு இருக்க வேண்டும். சாந்தோமுக்குப் பின்னால் இருந்தது இன்னொருவன் நாடு.

அதே 1672, வேறொரு கோட்டை

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிஜமான எல்லைக் கோட்டையைச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் சாந்தோமைப் பிடித்தது 1672 ஜூலையில். அதற்கு அடுத்த மாசம், ஆகஸ்டில், ஒட்டோமான் சுல்தான் நான்காம் மெஹ்மதின் படை போலந்திடமிருந்து கமனீட்ஸ் கோட்டையைப் பிடித்தது. இன்றைய உக்ரைனின் மேற்குப் பகுதியில், ஆறு வளைந்து சுற்றியோடும் பாறை மேல் இருக்கிற ஊர். அதை ஒட்டோமான்கள் 27 வருஷம் வைத்திருந்தார்கள். போலந்து படைகள் வந்து பார்த்தன, குண்டு போட்டன, பிடிக்க முடியவில்லை. கடைசியில் 1699-ல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கைப்படி பேச்சுவார்த்தையில்தான் அது கைமாறியது.

ஏன் அவ்வளவு காலம் நின்றது? பாறை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், தெற்கே மால்டேவியா சுல்தானுக்குக் கப்பம் கட்டிய நாடு. அந்த வழியாகத் தானியமும் மருந்தும் ஆளும் வந்துகொண்டே இருந்தது. போலந்துக்காரர்களுக்கும் இது புரிந்தது. 1692-ல் அவர்கள் செய்த காரியத்தைப் பாருங்கள்: கமனீட்ஸ் மதிலை மோதுவதை விட்டுவிட்டு, அதற்குத் தெற்கே ஒகோபி என்ற இடத்தில், தானிய வண்டி வருகிற பாதை மேல் ஒரு சின்ன அரணைக் கட்டினார்கள். கோட்டையின் கழுத்து எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சாந்தோமுக்குக் கழுத்து எங்கே?

அரிசிக் கணக்கு

தே லா ஹே என்ற பிரெஞ்சுத் தளபதி இங்கே வந்த கதையே சாப்பாட்டில்தான் தொடங்குகிறது. 1672 தொடக்கத்தில் திருகோணமலையில் இறங்கிக் காலூன்றப் பார்த்தார், டச்சுக்காரர்கள் விடவில்லை. அங்கிருந்து கிளம்பி சாந்தோம் கரைக்கு வந்து உணவுப் பொருள் கேட்டார். கோல்கொண்டா அதிகாரி மறுத்தார். அதன் பிறகுதான் தாக்குதல். ஊர் சுலபமாக விழுந்தது. கோல்கொண்டாவில் அந்த ஏப்ரலில்தான் அப்துல்லா குதுப் ஷா இறந்து, அபுல் ஹசன் அரியணைக்கு வந்திருந்தார். நேரம் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாதகம்.

கோட்டை கிடைத்தது. சோறு? மயிலாப்பூருக்கு மேற்கே இருந்த பெரிய ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். 18, 19-ம் நூற்றாண்டு வரைபடங்களில் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீளமாகக் கிடக்கும் ஏரி. 1920-களில் அதை வடித்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். இன்று பாண்டி பஜாரில் துணி வாங்கும் நாம் பாதி நேரம் நிற்பது ஏரிக்குள்ளேதான். வயலும் ஏரியும் இருந்தது அந்தப் பக்கம். சாந்தோம் மதிலிலிருந்து நடந்தே போகிற தூரம். ஆனால் கோல்கொண்டா சேனை வந்து சூழ்ந்த பிறகு அந்தத் தூரத்தை நடக்க முடியாது. துப்பாக்கியோடு கும்பலாகப் போய் ஒரு நாள் கொள்ளையடித்துவிட்டு வரலாம். ஒரு நாள் கொள்ளையடித்த கிராமத்தில் மறுபடி போனால் என்ன கிடைக்கும்?

நிலத்தில் ஆக வேண்டிய சண்டை கோயில்களைச் சுற்றி நடந்ததும் இதனால்தான். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் படைநிலையாக்கினார்கள், பிறகு டச்சுக்காரர்கள் அதில் உட்கார்ந்தார்கள். கல் மதில், குளம், நாலு பக்கமும் பார்வை. படைக்காரன் கண்ணுக்குக் கோயில் அப்படித்தான் தெரியும். இதை என் பழைய குறிப்பில் 'சுவாரஸ்யமான தகவல்' என்று அடிக்குறிப்பில் போட்டிருந்தேன். அது அடிக்குறிப்பே இல்லை. சாந்தோமிலிருந்து வடக்கே மெட்ராஸுக்குப் போகிற பாதையில் திருவல்லிக்கேணி இருக்கிறது. அதைப் பிடித்தவன் சந்தைக்குப் போகிற வழியைப் பிடித்தவன்.

சரி, மெட்ராஸ் என்ன செய்தது? வெறும் 5 கிலோமீட்டர் தூரம். அப்போது கவர்னர் வில்லியம் லாங்ஹார்ன். அவர் நிலைமையைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். ஐரோப்பாவில் இங்கிலாந்து 1674 தொடக்கம் வரை பிரான்சோடு சேர்ந்துகொண்டு டச்சுக்காரர்களோடு போரில் இருந்தது. ஆக பிரெஞ்சுக்காரர் கூட்டாளி. ஆனால் மெட்ராஸ் இருந்ததோ கோல்கொண்டா மண்ணில். வருஷத்துக்கு 1,200 வராகன் குத்தகை என்று 1672-ல்தான் உறுதி செய்துகொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரருக்கு வெளிப்படையாக அரிசி கொடுத்தால் நிலத்துக்காரன் கோபம். கொடுக்காவிட்டால் கூட்டாளி கோபம். பிரெஞ்சு சாந்தோம் நிலைத்தால் வாசலிலேயே போட்டிக்கடை. அது டச்சுக்காரர் கைக்குப் போனால் இன்னும் மோசம். லவ் இந்த இக்கட்டை நன்றாகவே எழுதியிருக்கிறார். என் குறை, அவர் அதை மெட்ராஸின் இக்கட்டாக மட்டும் எழுதினார் என்பது. எனக்குத் தெரிந்து சாந்தோமின் விதியையே அதுதான் எழுதியது. பக்கத்துச் சந்தை கதவைச் சாத்தினால் மதில் எவ்வளவு உயரமாக இருந்து என்ன?

ஆகவே அரிசி தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. எங்கிருந்து? புதுச்சேரியிலிருந்து. பெலாஞ்சே தெ லெஸ்பினே என்ற இளைஞர் தெற்கே போய், வலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட பீஜப்பூர் அதிகாரி ஷேர்கான் லோடியிடம் பேசி 1673-ல் புதுச்சேரியில் இடம் வாங்கினார். 1674 ஜனவரியில் பிரான்சுவா மார்த்தேன் அங்கே போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து சாந்தோமுக்குத் தானியம் அனுப்புவதுதான் முதல் வேலை. புதுச்சேரி வரலாற்றில் இதை 'பிரெஞ்சு இந்தியாவின் தொடக்கம்' என்று பெரிதாக எழுதுவார்கள். அன்றைக்குப் புதுச்சேரி ஒரு தலைநகரமாகத் தொடங்கவில்லை. சாந்தோமின் நெல் குதிராகத் தொடங்கியது. குதிர் பிழைத்தது, வீடு விழுந்தது.

நெல் குதிர் 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் தரைவழி எதிரியிடம். இருப்பது கடல்வழி. 1673 நடுவில் ரிக்லோஃப் வான் கூன்ஸின் டச்சுக் கப்பல்கள் வந்து கடலையும் அடைத்தன. எங்கள் வேலையில் இதற்கு ஒரு பயம் உண்டு: எல்லாம் ஒரே கம்பி வழியாக வந்தால், அந்தக் கம்பி அறுந்த அன்று ராத்திரி நமக்குத் தூக்கம் கிடையாது. தே லா ஹேவுக்கு அந்தக் கம்பி அறுந்தது. அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள் என்பது நிஜமாகவே பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1674 செப்டம்பரில் அவர்கள் சரணடைந்தது மதில் உடைந்ததால் அல்ல. யாரும் ஏறி வந்து பிடிக்கவில்லை. பட்டினியும் நோயும் மிச்சம் வைத்த சில நூறு பேர், ராணுவ மரியாதையோடு வெளியேற ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, டச்சுக்காரர்கள் கொடுத்த கப்பலில் ஊர் போனார்கள்.

'மதில் தளர்ந்ததால் விழுந்தது' என்று எழுதினேன் அல்லவா. அதுதான் இரண்டாவது, பெரிய பிழை.

இடித்தவன் சாட்சி

கோட்டை திரும்பக் கோல்கொண்டாவிடம் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? 1675-ல் மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். இடிக்க வேண்டும் என்று மெட்ராஸ் ஆங்கிலேயரும் ஆசைப்பட்டார்கள். டச்சுக்காரர்களுக்கும் வருத்தம் இல்லை.

இதை முதலில் படித்தபோது 'அடடா, ஒரு பாரம்பரியச் சின்னத்தை அழித்துவிட்டார்களே' என்று புலம்பி எழுதியிருந்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. கோல்கொண்டாவுக்கு இந்தக் கோட்டையால் என்ன லாபம்? தன் நாட்டைக் காக்க அது உதவாது. கடலில் சண்டை போட அவர்களிடம் அந்த மாதிரிக் கப்பல் படை இல்லை. கடலிலிருந்து வருகிறவன் பிடித்துக்கொண்டால் மட்டும், அவனைக் கிளப்ப இரண்டு வருஷம் ஆகிறது. அதாவது இந்த மதில் சொந்தக்காரனுக்குப் பூட்டு இல்லை, வந்தேறிக்குத் தாழ்ப்பாள். அப்படிப்பட்ட மதிலை இடிப்பது புத்திசாலித்தனம். ஒரு கோட்டை எதற்குப் பயன்பட்டது என்று தெரிய வேண்டுமானால், கட்டியவன் சொல்வதோடு இடித்தவன் கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அடையாற்றில் மாலிசன்

இப்போது மாலிசனுக்கு வருகிறேன். 1746 செப்டம்பரில் லா பூர்தொன்னே மெட்ராஸைப் பிடித்தார். ஆற்காட்டு நவாப் அன்வருதீன் தன் மகன் மாபூஸ்கானைப் படையோடு அனுப்பினார். நவம்பர் 2-ம் தேதி (பழைய நாட்காட்டியில் அக்டோபர் 22) கோட்டையிலிருந்து வெளியே வந்த சிறு பிரெஞ்சுப் படை, வேகமாகச் சுடும் இரண்டு பீரங்கிகளால் அவர் முகாமைக் கலைத்தது. புதுச்சேரியிலிருந்து பரதி என்ற அதிகாரி உதவிப் படையோடு வருகிறார் என்று கேள்விப்பட்டு, மாபூஸ்கான் சாந்தோமுக்கு நகர்ந்து அடையாற்றின் வடகரையில் வழிமறித்தார். நவம்பர் 4. பரதியிடம் சுமார் ஆயிரம் பேர், அதில் பெரும்பகுதி நம்மூர் சிப்பாய்கள், பீரங்கி கிடையாது. எதிரே 10,000 பேர் என்கிறார்கள். பரதி ஆற்றில் இறங்கி நடந்து கரையேறி, ஒரே வீச்சாகச் சுட்டுவிட்டுத் துப்பாக்கி ஈட்டியோடு பாய்ந்தார். நவாப் படை சாந்தோம் ஊருக்குள் ஓடியது. தெருக்களில் நெருக்கியடித்த கூட்டத்தை நோக்கி மறுபடி மறுபடி சுட்டார்கள். கதை முடிந்தது. இன்றைக்குக் கிபிள் தீவுக் கல்லறைத் தோட்டம் இருக்கிற பகுதி என்பார்கள், திரு.வி.க. பாலத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.

மாலிசன் இதை ஒரு யுகமாற்றமாக எழுதுகிறார்: அன்றுவரை இந்திய அரசர்களிடம் கைகட்டி நின்ற ஐரோப்பியன் அன்றுமுதல் எஜமான் ஆனான் என்கிற தொனி. காரணம், ஒழுங்கும் பயிற்சியும். நானும் அதை அப்படியே ஒப்பித்திருந்தேன்.

பயிற்சி முக்கியம் இல்லை என்று நான் இப்போது சொல்லப்போவதில்லை. இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை அதே மாதிரி நடந்தால் அது அதிர்ஷ்டம் அல்ல. ஆனால் மாலிசனிடம் மூன்று கேள்வி கேட்கலாம். ஒன்று, 10,000 என்ற எண் வெற்றி பெற்ற பக்கத்திலிருந்து வருகிறது. வென்றவன் எண்ணுகிற எதிரி எப்போதும் கொஞ்சம் அதிகமாகத்தான் இருப்பான். இரண்டு, ஆயிரத்தில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள் என்றால், 'ஐரோப்பியன் எஜமான் ஆனான்' என்பதில் அவர்கள் எங்கே போனார்கள்? மூன்றாவதுதான் இந்தக் குறிப்புக்கு முக்கியம். போருக்குச் சாந்தோம் பெயரை வைத்த மாலிசன், சாந்தோம் அன்று எப்படிப்பட்ட ஊராக இருந்தது என்பதை நிறுத்தி யோசிக்கவில்லை.

அது 71 வருஷம் முன்னால் மதில் இடிபட்ட ஊர். வீடும் தெருவும் உண்டு, ஊரை முழுக்கச் சுற்றிய மதில் இல்லை. பின்வாங்கும் படைக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. வெட்டவெளியாக இருந்தால் சிதறி ஓடிப் பிழைக்கலாம். மதில் இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பாதி ஊர், பாதி கோட்டை என்றால் சந்துக்குள் மாட்டிச் சாகலாம். மாபூஸ்கானின் ஆட்களுக்கு மூன்றாவதுதான் வாய்த்தது. சண்டையின் முதல் பாதியை ஆற்றங்கரையில் பயிற்சி வென்றது. இரண்டாம் பாதியில், கோல்கொண்டா 1675-ல் எடுத்த முடிவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1749-ல் மெட்ராஸைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, டூப்ளே முந்திக்கொள்வதற்குள் சாந்தோமைத் தாங்களே எடுத்துக்கொண்டது. அவர்கள் மாலிசனைப் படித்திருக்க வழியில்லை. ஆனால் அந்த இடத்தின் தொல்லை தெரிந்திருந்தது.

வேலை செய்த எல்லைக் கோட்டை

அப்படியென்றால் நம் பக்கத்தில் உருப்படியான எல்லைக் கோட்டை எது என்று கேட்பீர்கள். செங்கல்பட்டு. ரயிலில் போகும்போது கொளவாய் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஏரிதான் கோட்டைக்கு ஒரு பக்கக் காவல். 1758 டிசம்பரில் லாலி மெட்ராஸை முற்றுகையிட வந்தபோது செங்கல்பட்டைப் பிடிக்காமல் விட்டுவிட்டு வந்தார். அங்கிருந்து பிரஸ்டனும், நாம் மருதநாயகம் என்று சொல்லும் யூசுப்கானும் வெளியே வந்து, லாலிக்குப் புதுச்சேரிப் பக்கமிருந்து வரும் தானியத்தையும் மாட்டையும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் தென்பட்டதும் லாலி கிளம்பிவிட்டார். மெட்ராஸ் மதில் அவரைத் தடுத்தது உண்மை. ஆனால் முற்றுகை போட்டவன் வயிற்றைப் பிடித்தது 55 கிலோமீட்டர் தள்ளி இருந்த செங்கல்பட்டு. இரண்டே வருஷம் கழித்து, 1761 ஜனவரியில், அதே லாலி புதுச்சேரியில் பட்டினியால்தான் சரணடைந்தார். நெல் குதிரே காலியானது.

கமனீட்ஸுக்கு எதிராகப் போலந்துக்காரர்கள் கட்டிய ஒகோபியின் வேலையைத்தான் செங்கல்பட்டு செய்தது. எல்லைக் கோட்டையின் வேலை எதிரியை மறித்து நிற்பது மட்டும் இல்லை. தன் சோற்றைக் காப்பது, அவன் சோற்றில் கை வைப்பது. சாந்தோமால் இரண்டையும் செய்ய முடியவில்லை.

ஆக, திருத்தம் இது: சாந்தோம் எல்லைக் கோட்டை அல்ல. நிலமில்லாத கோட்டை. நின்றதற்குக் காரணம் மதில் மட்டும் அல்ல, புதுச்சேரி அரிசி. விழுந்ததற்குக் காரணம் மதிலே அல்ல. பழைய குறிப்பை நீக்கவில்லை. அதன் தலையில் இந்தக் குறிப்பைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி போட்டிருக்கிறேன். மகளிடமும் சொன்னேன். "மார்க்கைத் திருப்பிக் குடுக்கணுமாப்பா?" என்று கேட்டாள். டீச்சரிடம் சொல்லிவிடு என்றேன். சொன்னாளா தெரியவில்லை.

போன வாரம் சாந்தோம் பக்கம் போனபோது ஆயாவைத் தேடிப் பிடித்து, "அரிசி புதுச்சேரியிலேர்ந்து வந்துச்சு ஆயா, கப்பல்ல" என்றேன்.

"கப்பல் கரைக்கு வருமா இங்க? அலை தாண்டி இஸ்துகினு வந்தது யாரு?"

நியாயமான கேள்வி. இந்தக் கரையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளித்தான் நிற்கும். சரக்கும் ஆளும் மசூலாப் படகிலும் கட்டுமரத்திலும்தான் கரைக்கு வரும், அதை ஓட்டியது குப்பத்து ஆட்கள். இரண்டு வருஷம் அந்தக் கோட்டைக்குச் சோறு போன வழியின் கடைசி நூறு கஜம் அவர்கள் கையில் இருந்தது. மார்த்தேனையும் கரேயையும் இந்த முறை படகுக்காரர்களுக்காக மட்டும் மறுபடி படிக்க ஆரம்பித்திருக்கிறேன். அடுத்த குறிப்பு அதைப் பற்றி. இதில் தப்பு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், மூன்று வருஷம் காக்க வைக்காமல் திருத்திவிடுகிறேன்.